மூணு பின்னல்

ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த விடலம்மா என்னைய. ஒரே ஒரு சொட்டு. சேலை மறைப்புக்கு வெளிய நிப்பாட்டி வச்சிட்டாக, யாரோ அசலூர்க்காரி துக்கம் விசாரிக்க வந்த மாதிரி.

நீதான கேட்ட, ஏன் கண்ணு கலங்குதுன்னு. அதான் சொல்றேன். அந்தப் பையை மடியில வச்சுக்கம்மா, நா கொஞ்சம் சாஞ்சு உக்காந்துக்கிறேன். முழங்காலு ரெண்டும் சொன்ன பேச்சுக் கேக்க மாட்டேங்குது. ஆங், இப்பச் சரி. பேரு என்ன சொன்ன? முத்துச்செல்வியா. என்ன வேல பாக்குற? நர்சா! தூத்துக்குடி ஆஸ்பத்திரியிலயா? அப்ப நீயும் நம்ம ஆளுதான். நாலு பேரு ஒடம்பத் தொட்டுத் தொடச்சவளுக்குத்தான் என் வருத்தம் புரியும். எங்க ஊரு ஆளுகளும் அங்கதான வருவாக? போன மாசம் மரக்கடைக்காரரு மருமவ ஒருத்தி வந்து படுத்துக் கெடந்தாளே, அவளுக்கு என்ன சீக்கு? வெளிய அவுக சொன்ன சங்கதி வேற மாதிரி இருக்கு. என்ன சிரிக்கிற? தெரியாதா? சரி விடு.

என் பேரு செய்னம்பு. எங்க ஆளுகள்ல ஒருத்தி மவுத்தாப் போனா, அதான் செத்துப் போனா, மையத்தை வூட்டுலயே குளிப்பாட்டி, கபன் துணி சுத்தித்தான் அனுப்பணும். ஆம்பளைக்கி ஆம்பள, பொம்பளைக்கிப் பொம்பள. நாலு பக்கமும் சேலையக் கட்டி மறைச்சு, பெஞ்சுல கெடத்தி, மேல ஒரு துணியப் போத்தி, அந்தத் துணிக்குள்ள கைய விட்டுத்தான் தேய்க்கணும். மொதல்ல எலந்த எல போட்ட தண்ணி. பெறகு நல்ல தண்ணி. கடைசியா கற்பூரத் தண்ணி. முடியச் சிக்கெடுத்து மூணு பின்னலாப் பின்னி பின்னால விடணும். கேக்க லேசா இருக்கும். கை நடுங்கக் கூடாது, கண்ணீரு சிந்தக் கூடாது, மூக்கப் பொத்தக் கூடாது. எங்க ஊருல நாப்பது வருசத்துக்கு மேல அதைச் செஞ்சவ நாந்தான். அல்லாவுக்காகச் செஞ்சேன். ஒரு வாய் டீத்தண்ணி கூட அந்த வூடுகள்ல குடிச்சதில்ல.

எங்க மாமி, மாப்புளயப் பெத்தவக, அவுகதான் பழக்கி விட்டாக. கல்யாணமாகி வந்த புதுசு. எங்க மாப்புள கொழும்புல சாப்பாட்டுக்கடை வச்சிருந்தாக, ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா வருவாக. நா வூட்டுல சும்மா மூலையில உக்காந்து அழுதுக்கிட்டிருப்பேன். மாமி ஒரு நாள் கையப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டாக. உள்ள ஒரு சின்னப் புள்ள, மொதப் பிரசவத்துல போனவ. என் வயசுதான் இருக்கும். மாமி சொன்னாக, “இவ இப்ப யாருக்கும் ஒண்ணும் சொல்ல முடியாது. இவளுக்காக நீதான் வெக்கப்படணும். துணி வெலகாமப் பாத்துக்க.” அன்னைக்கித் தொட்டது இந்தக் கை.

அதுலேருந்து மழையா, புயலா, காய்ச்சலா, ஒண்ணும் பாத்ததில்ல. கடல் ஊருக்குள்ள வந்த வருசம் இடுப்பளவு தண்ணியில போயிருக்கேன். என் மூத்தவ நிக்காஹ் அன்னைக்கிக் கையில மருதாணி காயல, தெருக்கோடியில ஒரு கைம்பொண்டாட்டி போயிட்டான்னு ஆளு வந்துச்சு. அவளுக்கு நாதி கெடையாது. பிரியாணிச் சட்டிய அப்டியே விட்டுட்டுப் போனேன். திரும்பி வந்து பாத்தா மவள மாப்புள வூட்டுக்கு அனுப்பி வச்சிட்டாக. அவ இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவா. “ஒங்களுக்கு உசுரோட இருக்கவகளவிட மையத்துகதான் ஒசத்தி உம்மா”ம்பா. சொல்லிட்டுப் போறா. மறுமையில கூலி எனக்கா அவளுக்கா?

தனியாச் செய்ய முடியாதும்மா இந்த வேலைய. ஒருத்தி தேய்க்கணும், ஒருத்தி தண்ணி ஊத்தணும். எனக்குத் தண்ணி ஊத்துனவ ஜொகரா. நானும் அவளும் ஒண்ணா ஓதப் போனவக. ஒரே சீப்புல தலை சீவுனவக. அவ எம்புட்டு அழகுங்கிற! எங்க வூட்டவிட்டு வெளிய போயிரக் கூடாதுன்னு நாந்தான் ஒத்தக் கால்ல நிண்டு எங்க காக்காவுக்கு, என் கூடப் பொறந்த அண்ணனுக்கு, அவளக் கேட்டு முடிச்சு வச்சேன். அவுக வூட்டுல கொஞ்சம் யோசிச்சாக. மாப்புள கோவக்காரராமே, அப்டி இப்டின்னு. நாந்தான் எங்க காக்கா தங்கம்னு சொல்லிச் சம்மதிக்க வச்சேன்.

ஜொகரா தண்ணி ஊத்துனா அதுல ஒரு பக்குவம் இருக்கும். சளக்குன்னு ஊத்த மாட்டா. நா கைய எங்க கொண்டு போறேனோ அங்க தண்ணி நிக்கும். நாங்க ரெண்டு பேரும் உள்ள பேசிக்கிறதே இல்ல. கண்ணால பேசிக்கிருவோம். பேச்செல்லாம் வெளிய வந்த பெறகுதான். அதுவும் நாந்தான் பேசுவேன். அவ, “போதும் மச்சி, தண்ணி ஊத்துனதோட நம்ம வேல முடிஞ்சுது”ன்னு விறுவிறுன்னு நடந்துருவா. அவ சுபாவமே அப்டி. ஒரு ரசனை இல்லாதவ.

எத்தனை ஒடம்பு பாத்திருக்கேன்! ஒடம்பு பொய் சொல்லாதும்மா. ஒனக்குத் தெரியாததா? எங்க ஊருல ஒரு பெரிய வூட்டு அம்மா. பேரு சொல்ல மாட்டேன், அது பாவம். மில்லு வச்சிருக்காக. ஊருல ஒரே மில்லுதான். அவுக புருசன் பேரு லத்தீபு. அந்தம்மா கைச் சந்துல, உள்பக்கமா, பச்சை குத்தியிருக்கு, “காசிம்”னு. எங்களுக்குப் பச்சை குத்துறதே ஆகாது. அதுவும் வேற பேரு! நா அப்டியே தெகைச்சுப் போயிட்டேன். வெளிய வந்து ஒருத்திட்டதான் சொன்னேன், எங்க கொழுந்தன் பொண்டாட்டிட்ட. அது எப்டி ஊரு பூரா போச்சுன்னு எனக்கென்ன தெரியும்? அவுக மூத்த மவன் நாப்பதாம் நாள் பாத்தியா ஓதுறதுக்கே வரலன்னு சொன்னாக. அதுக்கு நானா பொறுப்பு? பச்சை குத்துனவ நானா?

டீச்சரம்மா ஒருத்தி. எம்புட்டு மிடுக்கா நடப்பா. சேலை மடிப்புக் கலையாது. பாத்தா ஒரு பக்கம் மாரே இல்லம்மா. அறுத்து எடுத்திருக்காக. பஞ்ச வச்சுத் துணியில தச்சு வச்சிருந்தா. புருசனுக்கே தெரியுமோ என்னமோ. எனக்கு அழுகை வந்திருச்சு, நெசமா. அந்தப் பரிதாபத்துலதான் ரெண்டு மூணு பேருட்ட சொன்னேன். பரிதாபத்துல சொல்றது பொறணி ஆகுமா?

ஒண்ணே ஒண்ணு மட்டும் வேணும்னே சொன்னேன். அத ஒத்துக்கிறேன். ஒரு வயசானவக, படுக்கையில கெடந்து போனவக. முதுகெல்லாம் புண்ணு. புழு வச்சிருந்துச்சு. மருமவ பாத்த லட்சணம் அது. எனக்குப் பத்திக்கிட்டு வந்திருச்சு. வாசல்ல நிண்டு நாலு பேரு கேக்கச் சொன்னேன். சொல்லணுமா வேணாமா? நீயே சொல்லு. விசயம் பள்ளிவாசல் பஞ்சாயத்து வரைக்கும் போயி, அந்த மருமவள அவ தாய் வூட்டுக்கு அனுப்பி வச்சிட்டாக. ஜொகரா அன்னைக்கி மட்டும் எங்கிட்டக் கோவமாப் பேசுனா. “அந்தப் புள்ள ரெண்டு மாசமா டைபாய்டுல எந்திரிக்காமக் கெடந்துச்சு மச்சி. ஒங்களுக்குத் தெரியுமா?” எனக்கு எப்டித் தெரியும்? நா மையத்தைத்தான் பாத்தேன், உசுரோட இருந்தவளப் பாக்கல.

அந்த வருச நோம்புல பள்ளிவாசல் ஆலிம்சா பெண்களுக்கு பயான், அதான் பிரசங்கம், பண்ணுனாக. மையத்தைக் குளிப்பாட்டுறவக அங்க பாத்த கொறைய மூடணும், அப்டி மூடுனா அவுக கொறைய அல்லா மூடுவான்னு அருமையாச் சொன்னாக. நா தலையாட்டிக் கேட்டுக்கிட்டிருந்தேன். நம்மளப் பத்தித்தான சொல்றாகன்னு எனக்குப் பெருமை தாங்கல. திரும்பி ஜொகராவப் பாத்தா, அவ என்னையவே பாத்துக்கிட்டிருக்கா. நா சிரிச்சேன். அவ சிரிக்கல. கண்ணுல தண்ணி. பயான் கேட்டு உருகிப் போயிட்டான்னு நெனச்சேன்.

இப்ப விசயத்துக்கு வாறேன். எங்க எறங்குற? கீழக்கரையா? அப்ப நேரம் கெடக்கு.

ஜொகராவுக்கு வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில கைய விரிச்சிட்டாக. எங்க காக்கா போயிப் பல வருசம் ஆச்சு, மவ நஜ்மா வூட்டுலதான் கெடந்தா. நா தெனமும் நோன்புக்கஞ்சி பக்குவத்துல கஞ்சி காச்சி எடுத்துட்டுப் போவேன். அதை மட்டும் குடிப்பா. ஆனா துணி மாத்தணும்னா என்னைய வெளிய போச் சொல்லுவா. “நஜ்மா பாத்துக்கிருவா, நீங்க போங்க மச்சி”ம்பா. நா போனா சில நாளு கதவு சாத்தியிருக்கும். உள்ள பொண்ணுக பேச்சுச் சத்தம் கேக்கும். நஜ்மா வந்து, “உம்மாவுக்கு யாசீன் ஓதிக்கிட்டிருக்காக”ம்பா. நானும் வாசல்லயே கஞ்சிச் சட்டியோட உக்காந்திருப்பேன். வெவரம் கெட்டவ மாதிரி.

ஒரு நாளு எங்கையப் பிடிச்சுக்கிட்டே இருந்தா. ரொம்ப நேரம். “மச்சி, எம் மேல வருத்தப்படாதீக”ன்னா. சாவப் போறவ எல்லாருட்டயும் மன்னிப்புக் கேக்குறது வழக்கம்தான. நானும், “ஒன் மேல எனக்கென்னடி வருத்தம், எல்லாத்தையும் பொறுத்துக்கிட்டேன்”னு சொன்னேன். பாரு, எதுக்குன்னு தெரியாமயே பொறுத்துக்கிட்டேன்!

வெள்ளிக்கிழமை காலையில போனா. நல்ல நாளு. பள்ளியில அறிவிப்புச் சொன்ன ஒடனே நா அழுவல. அழுவ நேரம் இல்ல. எலந்த எல காய வச்சு எடுத்து வச்சிருந்தேன். கற்பூரம், அத்தரு, புதுச் சீப்பு. எல்லாம் அவளுக்குன்னு நா எடுத்து வச்சது. அவளுக்கு நா கடன்பட்டிருக்கேன்னு இல்ல, அவ எனக்கு வச்சிருக்க வேண்டியத நா அவளுக்கு வச்சேன். யாரு முந்துறாகளோ அவுகளுக்கு மத்தவ குளிப்பாட்டணும்னு சின்ன வயசுலயே பேசி வச்சது. வெளையாட்டாப் பேசல, அல்லா மேல ஆணையாப் பேசுனது.

போறேன், கொல்லையில சேலை கட்டி மறைச்சாச்சு. வாசல்ல நஜ்மா நிக்கிறா. ரெண்டு கையையும் விரிச்சு நிக்கிறா. “மாமி, நீங்க உள்ள வர வேணாம்.”

எனக்கு வெளங்கல. “தள்ளுடி, தண்ணி ஆறிப் போயிரும்”ங்கிறேன்.

“உம்மா வசியத்து, மாமி. நீங்க தொடக் கூடாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாக.”

வசியத்துன்னா சாவும்போது விட்டுட்டுப் போற கடைசிச் சொல்லு. அத யாரும் மீற மாட்டாக, மீறக் கூடாது. ஊருப் பொம்பளைக எல்லாம் நிக்கிறாக. ஒருத்தியாவது, “ஏன், செய்னம்பு செய்யட்டுமே”ன்னு சொல்லணும்ல? நா எத்தன பேரு தாயக் குளிப்பாட்டியிருக்கேன், எத்தன பேரு மவளக் குளிப்பாட்டியிருக்கேன். எல்லாரும் குனிஞ்சு காலப் பாத்துக்கிட்டு நிக்கிறாக. ஒருத்தி மூஞ்சியில கூட ஆச்சரியம் இல்லம்மா. அதுதான் என்னையக் கொல்லுது. ஆச்சரியமே இல்ல.

உள்ள யாரு தெரியுமா? அரபிக் காலேஜிக்குப் போற மூணு பொண்ணுக. கையொறை, மூஞ்சிக்கு மாஸ்க்கு. நேத்துப் பொறந்த நண்டுக. நா மறைப்புக்கு வெளிய செவரப் பிடிச்சுக்கிட்டு நிண்டேன். தண்ணி விழுகுற சத்தம் கேக்குது. அத்தன வருசமா அந்தச் சத்தத்தை நா உள்ள இருந்துதான் கேட்டிருக்கேன். வெளிய நிண்டு கேக்குறவகளுக்கு அது எப்டியிருக்கும்னு அன்னைக்கித்தான் தெரிஞ்சுது. “கற்பூரத் தண்ணி கடைசிடி! மொதல்ல ஊத்திராதீக!”ன்னு வெளிய இருந்து கத்துனேன். உள்ள இருந்து ஒருத்தி, “தெரியும் பெரியம்மா”ன்னா. எம்புட்டு மருவாதையாச் சொன்னாங்கிற. அதுக்கு அவ என்னையச் செருப்பால அடிச்சிருக்கலாம்.

எல்லாம் முடிச்சு, கபன் சுத்தி, மொகம் மட்டும் காட்டுனாக. நல்லாத்தான் இருந்தா. தூங்குற மாதிரி இருந்தா, வேதனை இல்லாத மாதிரி. நா நஜ்மாட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். “மூணு பின்னல் பின்னுனாகளா?” “பின்னுனாக மாமி.” “யாரு சொல்லிக் குடுத்தா?” அவ தலையக் குனிஞ்சுக்கிட்டா. “உம்மாதான். தலகாணியப் போட்டு, துணி போத்தி, எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போனாக.”

அப்பத்தான் எனக்கு ஒறைச்சுது. கதவச் சாத்திக்கிட்டு யாசீன் ஓதல. நா வெளிய கஞ்சிச் சட்டியோட காத்துக் கெடக்க, உள்ள என் எடத்துக்கு ஆளு தயார் பண்ணியிருக்கா! என் கஞ்சியக் குடிச்சுட்டு! எங்கையப் பிடிச்சுக்கிட்டு! நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டாம்மா. பகையாளி செஞ்சாத் தாங்கிக்கிறலாம். ஒரே சீப்புல தலை சீவுனவ.

அதுலேருந்து ஊருல யாரு போனாலும் அந்தப் பொண்ணுகளத்தான் கூப்பிடுறாக. போன வாரம் பக்கத்து வூட்டுலயே ஒரு மவுத்து. செவரு ஒட்டுன வூடு. என்னைய யாரும் கூப்பிடல. நானாப் போயி நிண்டேன். நாக்காலி எடுத்துப் போட்டு ஒக்கார வச்சாக. அந்தப் பொண்ணுக வெளிய வந்ததும், ஒருத்தியத் தனியாக் கூப்பிட்டு, “என்னடி பாத்தீக?”ன்னேன். “ஒண்ணும் பாக்கல பெரியம்மா”ங்கிறா. கண்ணவிஞ்சா போச்சு? பாக்காம எப்டிக் குளிப்பாட்டுவாக?

ஏன் இப்டிச் செஞ்சாங்கிற? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். பொறாம இருக்குமோ? எல்லாரும் எம் பேரத்தான் சொல்லுவாக, தண்ணி ஊத்துனவ பேரு யாருக்குத் தெரியும்? அப்டித்தான் இருக்கும். இல்லன்னா, வெக்கம். ஆனா எங்கிட்ட என்ன வெக்கம்? எனக்குத் தெரியாத ஒளிவு மறைவு அவகிட்ட என்ன இருக்கு?

இங்க பாரு, இதை இன்னைக்கி வரைக்கும் ஒரு ஆளுட்டச் சொன்னதில்ல. நீ நர்சுங்கிறதால சொல்றேன். அவளுக்கு ரெண்டு தொடையிலயும் சூட்டுத் தழும்பு. தோசக்கரண்டியக் காய வச்சு இழுத்தது. நஜ்மா பொறந்தப்போ நாந்தான கூட இருந்தேன், அப்பப் பாத்தேன். எங்க காக்கா வேலதான். அவுக நல்ல மனுசன்தாம்மா, அஞ்சு வேள தொழுவுறவுக, கோவம் வந்தாத்தான் கொஞ்சம் கண்ணு மண்ணு தெரியாது. ஜொகரா அந்த வலியிலயும் எங்கையப் பிடிச்சு, “என் புள்ளைக்கி இது தெரியவே கூடாது மச்சி, அது வாப்பாவ வெறுத்துறக் கூடாது”ன்னு சத்தியம் வாங்குனா. நா காப்பாத்துனேனா இல்லியா? ஒங்கிட்டத்தான் மொத மொதல்ல வாயத் தொறக்குறேன். அப்டிப்பட்ட என்னையப் போயி நம்பலியே அவ! அதை நெனச்சாத்தான் எனக்கு வயிறு எரியுது.

என்னம்மா மூஞ்சிய அங்குட்டுத் திருப்பிக்கிட்ட? காத்து வருதா? கண்ணாடிய எறக்கி விடவா?

நா எங்க போறேன்னு கேக்கலியே நீ. சாயல்குடி தாண்டி உள்ள ஒரு கிராமம். அங்க ஹமீதாம்மான்னு ஒருத்தி இருக்காளாம், என்னைய மாதிரியே இந்த வேல செய்யிறவ. யாரக் குளிப்பாட்டுனாலும் வெளிய வந்து, “நல்லபடியா முடிஞ்சுது”ன்னு ஒரு சொல்லுதான் சொல்லுவாளாம். கொன்னாலும் அடுத்த சொல்லு வராதாம். அவளப் பாத்துப் பேசி வைக்கணும். நா மவுத்தானா அவதான் வந்து என்னையக் குளிப்பாட்டணும். எங்க ஊருக்காரி ஒருத்தி கையும் எம் மேல படக் கூடாது. என் மவகிட்டயும் சொல்லிட்டேன், இது என் வசியத்துன்னு.

என்ன கேக்குற? என் ஒடம்புல அப்டி என்ன இருக்கா?

நல்லாக் கேட்ட போ! முன்னப்பின்ன தெரியாத ஆளுட்ட அதெல்லாம் சொல்லுவாகளா? பொம்பளைக்கி மானம்னு ஒண்ணு இல்லியா? எங்க மாப்புளைக்கும் எனக்கும் மட்டும் தெரிஞ்ச விசயம். அவுகளும் போயிட்டாக. அது என்னோட மண்ணுக்குள்ள போவட்டும்.

ஜொகராவா? அவளும் அப்டித்தான் நெனச்சிருப்பாங்கிறியா?

அது வேறம்மா. இது வேற. அவளுக்கு நா இருந்தேன்ல. நா யாரு, அந்நியமா? நா வந்து...

தம்பி, கண்டக்டர் தம்பி! எறக்கம் இருக்கு, கொஞ்சம் நிப்பாட்டுப்பா. இந்தக் கையக் கொஞ்சம் பிடிச்சு விடும்மா, முத்துச்செல்வி. நல்லா இருப்ப. பேசிக்கிட்டே வந்ததுல நேரம் போனதே தெரியல. ஒண்ணே ஒண்ணு. நா இந்த ஊருல எறங்குனதையும், யாரப் பாக்கப் போறேங்கிறதையும் யாருட்டயும் சொல்லிராத. ஊரு வாயி பொல்லாதது.